காவல் குரங்கும் மருந்து விற்ற மரநாயும்

நாணல் குளத்தில் மான்கள் தண்ணீர் குடித்தது கடம்பனின் கண்ணை நம்பித்தான். கடம்பன் ஒரு குரங்கு. கரையிலிருந்த அத்திமரத்தின் உச்சியில் உட்கார்ந்து, சிறுத்தை தெரிந்தால் குரல் கொடுப்பது அவன் வேலை. அதற்குக் கூலி, உச்சிக் கிளைப் பழமெல்லாம் அவனுக்கே.

ஒருநாள் வெயிலில் அவனுக்குக் கண் சொக்கியது.

"தூக்கம் வந்தால் உன் தம்பியை மரத்தில் ஏற்றிவிட்டுப் போய்ப் படேன், அண்ணா," என்றாள் செவ்வந்தி என்ற மான். அவள் குட்டி அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தது.

"அவனை ஏற்றினால் பழத்தையும் அவனே தின்பான்," என்றான் கடம்பன். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்!

புதரிலிருந்து மரநாய் தலையை நீட்டியது. "எதுக்கண்ணே தூங்கணும்? இந்தச் சிவப்புக் கொட்டையைக் கடிங்க. பாதிப் பழம் கொடுத்தாப் போதும்."

கடித்தான். தூக்கம் ஓடியது. கூடவே நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, பசி செத்தது. இரவிலும் கண் மூடவில்லை.

"அதுக்கும் வச்சிருக்கேன்," என்று ஒரு காயின் பாலைக் கொடுத்தது மரநாய். குடித்ததும் உடம்பு தளர்ந்தது, மூச்சு மெதுவானது. காலில் முள் ஏறியதுகூடத் தெரியவில்லை. சொட்டில் தொடங்கியது மிடறானது. அந்த மந்தம் தெளிய ஊமத்தை விதை. ஒரு மருந்து செய்த கோளாறுக்கு இன்னொரு மருந்து. இதற்குப் பெயர் வைத்தியமாம்!

ஊமத்தை உள்ளே போனதும் நாக்கு வறண்டது, இல்லாததெல்லாம் தெரிந்தது. "சிறுத்தை, சிறுத்தை!" என்று அலறினான். மான்கள் விழுந்தடித்து ஓடின. அங்கே இருந்தது ஒரு கரையான் புற்று.

"கொஞ்ச நாள் கீழே இறங்கி இரு, அண்ணா," என்று கெஞ்சினாள் செவ்வந்தி.

"எனக்கு ஒன்றுமில்லை. நினைத்தால் இன்றைக்கே விட்டுவிடுவேன்."

எல்லோரும் சொல்கிற பேச்சுதான். அந்த இன்றைக்கு மட்டும் வருவதேயில்லை.

மறுநாள் நடுக்கம் அடங்கப் பாலைக் குடித்துவிட்டு உட்கார்ந்தான். நாணலுக்குள் நிஜச் சிறுத்தை வந்தது. பார்த்தான். பயம் வரவில்லை. வாயும் திறக்கவில்லை.

சிறுத்தை செவ்வந்தியின் குட்டியைக் கவ்விக்கொண்டு போனது.

மரத்தடியில் வந்து நின்றாள் செவ்வந்தி. கடம்பன் தலையைக் குனிந்துகொண்டு, "அந்த மரநாய்தான் கொடுத்தது," என்றான்.

"நானா வாயில திணிச்சேன்? கேட்டாரு, கொடுத்தேன்," என்றது மரநாய்.

"சரி, இதில் நீ எதைத் தின்கிறாய்?" என்று கேட்டாள் செவ்வந்தி.

"நானா? ச்சே, இதையெல்லாம் தொடுறதில்லம்மா. எனக்குப் பிள்ளை குட்டி இருக்கு."

"எனக்கும் இருந்தது," என்றாள் செவ்வந்தி.

கொம்பு மான்கள் மரநாயைக் காட்டின் எல்லைவரை முட்டித் துரத்தின. கடம்பனை இறக்கிவிட்டு அவன் தம்பியை ஏற்றின. போன குட்டி போனதுதான்.

தூக்கம் கேட்கிற உடம்புக்குத் தூக்கத்தைக் கொடுக்காமல் போதையைக் கொடுப்பவன், தன் உடம்பை மட்டுமல்ல, தன்னை நம்பியவர்களின் உயிரையும் சேர்த்தே அழிக்கிறான்.