கல்லு ரோட்டுக்கு எவ்வளவு காத்து

தாராபுரத்துக் காத்துல சைக்கிள் ஓட்டிப் பழகுனவ திலகமணி. அந்தக் காத்து லேசுப்பட்டது இல்லீங்க. அவங்க அத்தை ருக்குமணி ஒரு ஆடி மாசம் மொட்டை மாடியில காயப்போட்ட கல்யாணப் பட்டு பறந்து போயி, பக்கத்துக் காட்டுக் காத்தாலையில சுத்திக்கிச்சாம். மெஷினை நிறுத்தி எறக்கிக் குடுத்தாங்க. அத்தை நன்றி சொல்லோணுமில்ல? "இன்னும் ரெண்டு சுத்து விட்டிருந்தா நல்லாக் காஞ்சிருக்கும்"னுச்சு.

எதுக்குச் சொல்ல வந்தேன்னா, அப்பேர்ப்பட்ட காத்தை நெஞ்சுல வாங்கிக்கிட்டு, தார் ரோட்டுல நூல் புடிச்ச மாதிரிப் போறவ அவ. டயரு விண்ணுன்னு இருக்கோணும் அவளுக்கு. வெரலால தட்டுனா 'டங்'குன்னு கேக்கோணும். கேக்கலைன்னா சைக்கிள்ல ஏறவே மாட்டா.

மாநில டீமுக்கு ஆள் எடுக்கற ரேஸை அந்த வருசம் மலை மேல ஒரு டீ எஸ்டேட்டுல வெச்சுட்டாங்க. தேயிலை லாரி சேத்துல பொதையாம இருக்க, அந்தக் காலத்துல கல்லு பாவுன ரோடு. மழை விடாம பேஞ்சு பாசி புடிச்சு, மீனைத் தொட்ட மாதிரி வழுக்குது.

முந்தின நாள் பழகிப் பாக்கப் போனா. விழுந்தா. எந்திரிச்சு ஓட்டுனா. மறுபடி விழுந்தா. முட்டியும் போச்சு, முழங்கையும் போச்சு. பல்லு ஆடுதான்னு நாக்கால தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டா.

அவளுக்குச் சொல்லிக் குடுக்கறவரு நாட்ராயன் மாஸ்டர். பேச்சுல அவ்வளவு சிக்கனம். "கொழம்புக்கு உப்புப் போதுமான்னு மத்தியானம் கேட்டா, ராத்திரிச் சோத்துக்குத்தான் பதில் வரும்"னு அவரு சம்சாரம் ஊரெல்லாம் சொல்லும். அந்தம்மா பேசறதைக் கேட்டா, அவருக்குப் பேச எடமே கெடைச்சிருக்காதுன்னு தோணும். அது கெடக்கட்டும்.

"ஏனுங் மாஸ்டர், விழாம போறதுக்கு என்னங் பண்ணோணும்?"

மாஸ்டர் குந்த வெச்சு உக்காந்து, முன் சக்கரத்து வால்வை அமுக்குனாரு.

புஸ்ஸ்ஸ்.

"ஐயோ! காத்தை ஏனுங் புடுங்கறீங்க?"

பின் சக்கரத்துலயும் அமுக்குனாரு. புஸ்ஸ்ஸ்.

"தொட்டுப் பாரு."

தொட்டா. பழுத்த சப்போட்டா மாதிரி அமுங்குது.

"இதுல போனா மாட்டு வண்டிகூட என்னைத் தாண்டிருமுங்க."

"தாண்டுனாத் தாண்டட்டும். ஒரு தடவை ஓட்டிப் பாரு."

ஓட்டிப் பாக்கலாம்னு ஏறுனப்போ மழை சடசடன்னு புடிச்சுக்கிச்சு. எல்லாரும் ஓடி ரூமுக்குள்ள புகுந்துட்டாங்க.

விடியக்காலம் திலகமணி கண்ணு முழிச்சா, பக்கத்து ரூமுல ரேஸுக்கு வந்த பொள்ளாச்சிப் பொண்ணுங்க பம்பு அடிக்கற சத்தம். சிக்குபுக்கு சிக்குபுக்குன்னு நிக்கவே இல்லை. எத்தனை நேரம் ஒருத்தி கேட்டுக்கிட்டுச் சும்மா படுத்திருப்பா? எந்திரிச்சா. தன் பம்பை எடுத்தா. 'டங்'குங்கற வரைக்கும் அடிச்சா.

மாஸ்டர் வந்தாரு. டயரை ஒரு சுண்டு சுண்டுனாரு. குடையை எடுத்துக்கிட்டு மழையில எறங்கிப் போயிட்டாரு. இந்த மழைச் சத்தத்துல 'டங்'கு அவரு காதுல விழுந்திருக்காதுன்னு திலகமணி நெனச்சுக்கிட்டா.

விசில் ஊதுனாங்க. எறக்கத்துல மொத ஆளாப் போனா திலகமணி. கல்லு மேல சைக்கிளு, காஞ்ச எண்ணெயில விழுந்த கடுகு மாதிரித் துள்ளுது. கண்ணுல மழை. கையி விறைச்சுப் போச்சு. மொத வளைவுல முன் சக்கரம் ஒரு கல்லுல ஏறி எகிறுச்சு பாருங்க, அவ ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம்.

ஆனா, விழுந்தது கல்லு மேல இல்லை. வளைவு ஓரமாக் குமிஞ்சு கெடந்த பச்சைப் புல்லு மேல. யாரோ மாட்டுக்கு அறுத்துப் போட்டிருக்காங்கன்னு நெனச்சா.

பின்னாடி வந்தவங்க எல்லாம் தாண்டிப் போனாங்க. "பாத்துக்கா!"ன்னு ஒருத்தி கத்திட்டே போனா. திலகமணி சைக்கிளை நிமித்துனா. கொஞ்ச நேரம் டயரையே பாத்தா.

வால்வுல வெரலை வெச்சா. புஸ்ஸ்ஸ். பின்னாடியும். புஸ்ஸ்ஸ்.

ஏறி மிதிச்சா. அதே கல்லுதான், அதே மழைதான். டயரு ஒவ்வொரு கல்லையும் தடவிக் குடுத்துக்கிட்டுப் போகுது. கையில இருந்த விறைப்பு தானா எறங்குச்சு. வழியில ஒருத்தி சங்கிலி கழண்டு நின்னா, ரெண்டு பேரு கட்டிப்புடிச்ச மாதிரி விழுந்து கெடந்தாங்க. ஒவ்வொருத்தராத் தாண்டுனா. மாட்டு வண்டி எதுவும் அவளைத் தாண்டலை.

கடைசி மேட்டுல டீமுக்கான கடைசி எடத்துக்கு ஒரு பொள்ளாச்சிப் பொண்ணும் இவளும் மல்லுக்கட்டுனாங்க. அரைச் சக்கரம்தாங்க. அரைச் சக்கரத்துல எடம் போயிருச்சு.

மாஸ்டர் துண்டைப் போத்தி விட்டாரு. சூடா டீ வாங்கிக் கையில குடுத்தாரு. குடுத்த கையைப் பாத்தா திலகமணி. சட்டைக் கையெல்லாம் பச்சைக் கறை. புல்லுத் துணுக்கு ஒட்டியிருக்கு.

"வளைவுல புல்லு போட்டது நீங்களா?"

"ம்."

"அப்ப நான் காத்தடிச்சது தெரியுமுங்களா?"

"அதான் டங்குன்னுச்சே."

டீ டம்ளரைக் கீழ வெச்சுட்டா.

"தெரிஞ்சுமா சும்மா போனீங்க? விழுவேன்னு தெரிஞ்சு புல்லறுக்கப் போனீங்களே, அந்த நேரத்துக்குக் காத்தைப் புடுங்கி விட்டிருந்தா இந்நேரம் நான் டீமுல இருந்திருப்பனில்லங்க?"

மாஸ்டர் அவ தலையில சிக்கியிருந்த புல்லை ஒண்ணொண்ணா எடுத்துப் போட்டாரு.

"நேத்தே புடுங்குனேனே, அம்மிணி."