அறுபது நாள் பச்சை

தேரிக்காட்டின் ஓரத்தில் ஓர் ஆசிரமம். சுற்றிலும் சிவப்பு மணல், பனை, உடைமரம். குரு வடிவம்மைக்கு வயது முப்பத்தாறு. சீடர் தங்கபெருமாளுக்கு ஐம்பத்தெட்டு. இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. தெரிந்தவர் சொல்கிறார், தெரியாதவர் கேட்கிறார்.

குரு சீடரை அண்ணாச்சி என்பார். சீடர் குருவை அம்மா என்பார்.

தங்கபெருமாள் முன்பு போர்வெல் லாரி வைத்திருந்தவர். நல்ல மனிதர். பிடிவாதம் மட்டும் ஜாஸ்தி. மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் ஜெயரதி. அவள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். அதற்காக நாலு வருடமாக அவளோடு பேச்சு கிடையாது. இதைவிடப் பெரிய காரணம் இருக்கும் என்று தேட வேண்டாம். இல்லை.

ஆசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு. தேரிக்கு அந்தப் பக்கம் ஓர் ஒற்றைக் குடிசை. அதில் போய் உட்கார்ந்தால் ஒரு வருடம் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது. சாப்பாட்டைக்கூட ஒரு பனையடியில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். குரு சரி என்றால்தான் அங்கே போகலாம்.

தங்கபெருமாள் ஒருநாள் கேட்டார்.

"என்னைய ஒத்தைக் குடிசைக்கு அனுப்புங்கம்மா. எனக்கு இப்ப எதுவும் தேவைப்படல."

"எதுவுமா?"

"எதுவும்."

குரு முன்வாசல் தோட்டத்தைப் பார்த்தார். தோட்டம் என்று சொல்வது மரியாதைக்கு. ரோஜாவும் குரோட்டன்ஸும் குச்சியாக நின்றன. கிணற்றில் தண்ணீர் அடிமட்டம்.

"தண்ணி கொறைச்சலாக் கேக்குற செடி நாலு கொண்டாங்க அண்ணாச்சி. வச்சுப் பாருங்க. எது இந்த எடத்துக்கு ஆகும்னு சொல்லுங்க. பெறகு குடிசையப் பத்திப் பேசுவோம்."

அவர் நாலு கொண்டுவந்தார். தேரியிலிருந்து தோண்டிய ஆவாரங்கன்று. ஒரு கற்றாழை. நர்சரியிலிருந்து பாலைவன ரோஜா, அடிப்பகுதி குண்டாக இருக்குமே, அது. ஒரு வீட்டுக் காம்பவுண்டு ஓரத்தில் ஒடிந்து கிடந்த தூண்கள்ளி, முழங்கை நீளம். நாலையும் மணலில் ஊன்றினார்.

ஊன்றிவிட்டு ஒரு சட்டம் போட்டார். அறுபது நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. குரு அப்படிச் சொல்லவே இல்லை. இவராகப் போட்ட சட்டம்.

மூன்றாம் நாள் சமையல்காரர் சுயம்பு அரிசி களைந்த தண்ணீரோடு வந்தார். அவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. வீட்டிலிருந்து போன் வந்தால் அழுதுவிடுவார். வராவிட்டாலும் அழுவார்.

"ஆவாரை தல தொங்குது அண்ணாச்சி. ஒரு வாய் ஊத்தட்டுமா?"

"ஏம்வே, ஊத்திக் குடுத்துப் பாஸ் பண்ண வச்சா அது என்ன பரீட்ச? போயி ரசத்தப் பாரும். பொங்குது."

ஒன்பதாம் நாள் ஆவாரை காய்ந்தது. நாற்பதாம் நாள் கற்றாழை சிவந்து மடங்கியது. பாலைவன ரோஜா எல்லா இலையையும் உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றது. தூண்கள்ளி மட்டும் வைத்த அன்று போலவே பச்சையாக நின்றது. தங்கபெருமாளுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பெருமை. தினமும் காலையில் போய் அதன் பக்கத்தில்தான் நிற்பார்.

ஐம்பத்தெட்டாம் நாள், திங்கட்கிழமை, சமையல்கட்டில் போன் அடித்தது. ஆசிரமத்துக்கு அந்த ஒரு போன்தான். அதில் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். சுயம்பு பேசிவிட்டு வெளியே வந்தார்.

"ஒங்க மக பேசுச்சு அண்ணாச்சி. புள்ள பொறந்து மூணு மாசமாம். வெள்ளிக்கிழம பதினோரு மணி பஸ்ல தூக்கிட்டு வருதாம். தாத்தா கையில ஒரு தடவ குடுத்து வாங்கிட்டுப் போயிருதேன்னு சொல்லுச்சு."

தங்கபெருமாள் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அதுக்கு நீரு ஏம்வே கண்ணக் கசக்குதீரு?"

"எனக்கு வருது, கசக்குதேன். ஒங்களுக்கு வரலியே. அதான் பயமா இருக்கு."

புதன்கிழமை அறுபது நாள் முடிந்தது. தங்கபெருமாள் செடிகளுக்கு மார்க் போட்டு வைத்திருந்த நோட்டை எடுத்துக்கொண்டு குருவிடம் போனார்.

"முடிவு தெரிஞ்சுட்டும்மா. தோட்டம் பூரா தூண்கள்ளி வச்சிரலாம். நான் நாளைக்கே குடிசைக்குப் போயிருதேன்."

"நாளைக்கேவா?"

"வெள்ளிக்கிழம வரைக்கும் எதுக்கும்மா இருந்துக்கிட்டு?"

குரு நோட்டைப் பிரித்தார்.

"கள்ளிக்கு நூத்துக்கு நூறு போட்டிருக்கீங்க."

"அறுபது நாளும்மா. எதுவும் கேக்கல. மொகம் வாடல. செடின்னா இது செடி."

"ஆவாரைக்கு?"

"முட்ட. ஒம்பதே நாளு. நம்ம சுயம்பு மாதிரி."

"வேலிக்கு அங்கிட்டு ஒரு ஆவாரை பூத்துக் கெடக்கே. அதுக்கு யாரு தண்ணி ஊத்துதா?"

"அது காட்டுச் செடிம்மா."

"இதும் அங்கேருந்துதானே வந்துச்சு?"

தங்கபெருமாள் காதைச் சொறிந்தார்.

"அதப் புடுங்கிட்டு வாங்க" என்றார் குரு.

அவர் போனார். ஒரு கையால் இழுத்தார். பிறகு இரண்டு கையால். பிறகு காலை மணலில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். இலை வந்தது. பூ வந்தது. உள்ளங்கைத் தோல்கூடக் கொஞ்சம் வந்தது. செடி வரவில்லை.

"வரலியேம்மா."

"ஏன்?"

"ஆழமாப் போயிருக்கு. போர் போட்டவன் சொல்லுதேன், ஈரத்தத் தொட்டிருக்கு."

"மொளச்ச வருசம் மழ கெடச்சிருக்கும். அதக் குடிச்சுக்கிட்டே எறங்கியிருக்கும்."

குரு எழுந்து தூண்கள்ளியிடம் வந்தார். முள் குத்தாமல் துண்டை மடித்துப் பிடித்தார். இழுக்கக்கூட இல்லை, தூக்கினார். சீனி டப்பாவிலிருந்து கரண்டியை எடுக்கிற மாதிரி அது வந்துவிட்டது.

அடியில் ஒன்றும் இல்லை. ஒரு முடி வேர்கூட இல்லை. ஒடிந்த இடம் காய்ந்து, இறுகி, உடைந்த ஓட்டுச் சில்லு மாதிரி மூடியிருந்தது.

தங்கபெருமாள் அதைத் துண்டோடு வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பச்சையா இருந்துச்சேம்மா."

"உள்ள இருந்த தண்ணியக் குடிச்சுக்கிட்டு இருந்துருக்கு. இடுப்பப் பாத்தீங்களா?"

பார்த்தார். கொண்டுவந்தபோது இருந்த பருமனில் பாதிதான் இருந்தது. தினமும் பக்கத்தில் நின்றதால் தெரியவில்லை.

"நான் தவம்னு நெனச்சேன்" என்றார்.

குரு சிரிக்கவில்லை. சமையல்கட்டு வாசலில் நின்ற சுயம்புவும் சிரிக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

"எறிஞ்சிரவா?"

"எதுக்கு எறியணும்? இன்னும் உசுரு இருக்குல்லா. அடியில ஒரு வெரல் கனம் அறுங்க. மூடிக்கிட்டதத் தொறந்தாத்தான் வேரு வரும். பச்ச தெரியுற வரைக்கும் அறுக்கணும்."

சுயம்பு கத்தி கொண்டுவந்து கொடுத்தார். தங்கபெருமாள் மணலில் உட்கார்ந்து அறுத்தார். முதல் துண்டு மரம் மாதிரி விழுந்தது. அடுத்ததும் அப்படித்தான். மூன்றாவதில் கத்தி நனைந்தது. உள்ளே இளம்பச்சை. ஈரம் வட்டமாகக் கசிந்து, ஒரு சொட்டாகச் சேர்ந்து, அவர் பெருவிரலில் இறங்கியது.

அவர் அதைத் துடைக்கவில்லை. சுயம்பு என்னவோ சொல்ல வாயெடுத்தார். குரு கையைக் காட்டி நிறுத்தினார்.

"இவ்வளவு நாள் கழிச்சு வேரு விடுமாம்மா?"

"ஈரம் பட்டா விடும்."

"இன்னைக்கே நட்டுரவா?"

"அறுத்த எடம் ரெண்டு நாள் நெழல்ல ஆறட்டும்."

"அப்ப எப்ப நட?"

"வெள்ளிக்கிழம. பதினோரு மணி பஸ் வந்த பெறகு."