முள்ளிக்கு எடுத்த பாராட்டு விழா

பங்குனி பிறந்தாலே ஆறு வற்றி வெறும் மணலாகிவிடும் காடு ஒன்று இருந்தது. அந்த மணலில்தான் ஆண்டுதோறும் காட்டு மாநாடு கூடும். கோடையில் எந்தக் கூட்டம் எந்தச் சுனையில் தண்ணீர் குடிப்பது என்று அங்கேதான் முடிவாகும். மாநாடு முடியும்வரை யாரும் யாரையும் வேட்டையாடக் கூடாது. புலிகூட நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கடைசி வரிசையில் கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருக்கும்.

வந்தவர்கள் குடிக்கத் தண்ணீர் வேண்டாமா? மணலைத் தோண்டி ஊற்று எடுப்பது முள்ளி என்ற முள்ளம்பன்றியின் வேலை. யாரும் அவளுக்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை. ஒரு வருடம் தானாகச் செய்தாள். அடுத்த வருடம், "அதெல்லாம் முள்ளி பார்த்துக்கொள்வாள்" என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், வேலை அவள் தலையில் விழுந்தது. கூடமாட ஒத்தாசைக்கு ஓர் உடும்பு மட்டும் வருவான்.

கொஞ்ச தூரத்தில் வற்றாத மடு ஒன்றும் இருந்தது. ஆனால் அதில் ஒரு முதலை கிடந்தது. அது மாநாட்டுக்கு வருவதுமில்லை, மாநாட்டு விதியை மதிப்பதுமில்லை. ஊற்றில் தண்ணீர் இல்லையென்றால் தாகத்தில் குட்டிகள் அந்த மடுவுக்குத்தான் ஓடும். அந்தப் பயத்தில்தான் முள்ளி முதன்முதலில் மணலைத் தோண்ட இறங்கினாள்.

வரவர மாநாடு பெருத்துவிட்டது. மலைக்கு அந்தப் பக்கத்து எருமைகளும் மந்திகளும் குடும்பத்தோடு வர ஆரம்பித்தன. முள்ளி தலைவரிடம் போனாள். தலைவர் அம்பாரியார் என்ற யானை, ரொம்ப நல்லவர், யார் அழுதாலும் கூட அழுவார்.

"தலைவரே, என்னால் தனியாக முடியவில்லை. போன வருடம் மணல் சரிந்து கழுத்துவரை புதைந்துபோனேன். இரண்டு காட்டுப்பன்றிகளை என்னோடு அனுப்புங்கள், போதும்."

அம்பாரியாருக்குக் கண் கலங்கியது. "நமக்காக உழைக்கிறவர்களை நாம்தானே தாங்க வேண்டும்! உடனே ஒரு குழு போடுங்கள்."

போட்டார்கள். அதற்குத் 'தொண்டர் தாங்கும் குழு' என்று பெயர். குழுவுக்குத் தலைவன் தோகையன் என்ற மயில். மேடை என்றால் உயிரை விடுவான்.

தோகையன் முதல் வேலையாக முள்ளியைக் குழியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினான். "முள்ளியம்மா, உங்களுக்கு என்ன வேண்டும்? கூச்சப்படாமல் சொல்லுங்கள்."

"இரண்டு பன்றிகள்."

தோகையன் கண்ணை மூடித் தலையை ஆட்டினான். "கேட்டீர்களா? தனக்கென்று ஒன்றுமே கேட்கவில்லை. என்ன அடக்கம்!"

"அடக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பன்றிகள்தான் வேண்டும்."

"பார்த்தீர்களா? கோபத்தில்கூடக் காரியத்தைப் பற்றித்தான் பேசுகிறார்" என்று சொல்லி அவன் தோகையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். குழு முழுவதும் உருகிப்போனது. மாநாடு தொடங்கும்போதே முள்ளிக்கு ஒரு பாராட்டு விழா எடுப்பது, தேக்கிலையில் பொன்னாடை தைத்துப் போர்த்துவது, 'மணல் மாமணி' என்று பட்டம் கொடுப்பது என்று முடிவாயிற்று.

"பன்றிகள்?" என்று முள்ளி கேட்டாள்.

"அவர்களும் உங்களுக்காகத்தான் அம்மா. உங்கள் பெயரில் அலங்கார வளைவு வைக்கிறோம். மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆள் வேண்டாமா?"

அதோடு விட்டார்களா? பொன்னாடைக்கு அளவு எடுக்க ஒரு நாள் கூப்பிட்டார்கள். பட்டத்தை 'மணல் மாமணி' என்று வைப்பதா 'ஊற்றுச் செம்மல்' என்று வைப்பதா என்று கருத்துக் கேட்க இன்னொரு நாள் கூப்பிட்டார்கள். அவள் குழியை விட்டு வரும் ஒவ்வொரு முறையும் தோண்டிய மணலில் பாதி உள்ளே சரிந்தது. "எனக்கு இதற்கெல்லாம் நேரமில்லை" என்று அவள் கத்தினால், "உங்களுக்காகத்தானே அம்மா இவ்வளவு பாடு" என்று தோகையன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வான்.

மாநாட்டு நாள் வந்தது. விடிந்ததிலிருந்து முள்ளி மூச்சு விடாமல் தோண்டினாள். அடியில் மணல் ஈரமாக வர ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் போனால் தண்ணீர்தான். அந்த நேரம் பார்த்து மந்திகள் கொட்டடித்துக்கொண்டு வந்து, அவளைக் குண்டுக்கட்டாகத் தூக்கி மேடையில் உட்கார வைத்துவிட்டன.

தோகையன் பொன்னாடையைப் போர்த்தினான். அது முள்ளில் மாட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. பிறகு எருமைகள் ஒன்று போர்த்தின, மந்திகள் ஒன்று, முயல்கள் சின்னதாக ஒன்று. கடைசியில் முள்ளி இருந்த இடத்தில் ஒரு சருகுக் குவியல்தான் இருந்தது. அதற்குள்ளிருந்து இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

பேச்சு ஆரம்பமாயிற்று. பேசியவர்கள் எல்லோரும் முள்ளியை வானளாவப் புகழ்ந்தார்கள். "அவர் மட்டும் இல்லாவிட்டால் இந்த நேரம் நாம் தாகத்தில் தவித்துக்கொண்டிருப்போம்" என்று வறண்ட தொண்டையைச் செருமிக்கொண்டே சொன்னார்கள். வெயில் உச்சிக்கு ஏறியது.

"தண்ணீர் எங்கே கிடைக்கும்?" என்று குட்டியோடு வந்த பெண்மான் ஒன்று மெல்லக் கேட்டது.

"பாராட்டு முடியட்டும். முள்ளியம்மா ஏற்பாடு செய்வார்" என்றான் தோகையன்.

மானின் குட்டி நாக்கைத் தொங்கவிட்டபடி நின்றது. தாய்மான் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு குட்டியை மூக்கால் தள்ளிக்கொண்டு மடுவுக்குப் போகும் பாதையில் நடந்தது.

முள்ளி அதைப் பார்த்துவிட்டாள். சட்டென்று எழுந்தாள். தோகையன் அவளை அமுக்கி உட்கார வைத்தான். "ஒருவர் பேசும்போது எழுந்து போவது மரியாதை இல்லை அம்மா."

முள்ளி பக்கத்தில் இருந்த உடும்பின் காதில், "ஓடு. மானைப் பிடித்து நிறுத்து. எப்படியாவது நிறுத்து" என்றாள். உடும்பு ஓடினான். ஆனால் ஓர் உடும்பு எவ்வளவு நேரம் ஒரு மானை நிறுத்த முடியும்?

மரியாதை, மரியாதை என்று அவள் பல்லைக் கடித்தாள். இவர்களிடம் உதவி என்று கேட்டால் காதில் விழாது. மரியாதை என்றால் மட்டும் விழும்.

"நான் ஏற்புரை சொல்ல வேண்டும்" என்றாள்.

கூட்டம் அமைதியானது. சருகுக் குவியல் பேசியது. "எங்கள் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. பட்டம் கொடுத்தவர்கள் ஊற்றுக் குழியில் இறங்கி மணல் அள்ளிப் போட வேண்டும். முதலில் அள்ளுகிறவர் யாரோ, அவருக்குத்தான் இந்த மாநாட்டின் முதல் மரியாதை."

அப்படி ஒரு வழக்கம் அவள் குலத்தில் கிடையாது. அந்த நிமிடத்தில்தான் பிறந்தது.

அம்பாரியார் தொண்டையைக் கனைத்தார். "தலைவர் என்ற முறையில்..."

"குழு போட்டது நீங்கள், நடத்தியது யார்?" என்றான் தோகையன்.

"மலை தாண்டி வந்த விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளூர்க்காரனுக்கு" என்று எருமைகள் கொம்பை ஆட்டின.

"விடிந்ததிலிருந்து வளைவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கு ஒன்றும் கிடையாதா?" என்று பன்றிகள் மூங்கிலைக் கீழே போட்டன. வளைவு நேராகத் தோகையன் தலையில் இறங்கியது.

அப்புறம் கேட்க வேண்டுமா? மொத்த மாநாடும் குழிக்குள் குதித்தது. தும்பிக்கையும் கொம்பும் குளம்பும் போட்டி போட்டுக்கொண்டு மணலை வாரி இறைத்தன. "நான்தான் முதலில் அள்ளினேன்!" "பொய், நான்தான்!"

முள்ளி கரையில் நின்று, "சருகு கண்ணை மறைத்தது, சரியாகப் பார்க்கவில்லை. எல்லோரும் இன்னொரு முறை அள்ளுங்கள்" என்றாள். அள்ளினார்கள். "இப்போதும் தெரியவில்லையே" என்றாள். மறுபடி அள்ளினார்கள். அவள் தனியாகப் பொழுது சாயும்வரை தோண்ட வேண்டிய ஆழம் கண்மூடித் திறப்பதற்குள் இறங்கியது. அடியில் தண்ணீர் பொங்கி வந்தது.

"தண்ணீர்!" என்று முள்ளி தொண்டை கிழியக் கத்தினாள்.

அவள் கண் மடுப் பாதையிலேயே இருந்தது. நெடுநேரம் யாரையும் காணவில்லை. பிறகு மான் வந்தது, பின்னால் குட்டியும் வந்தது. தாய்மானின் பின்னங்காலைக் கவ்விப் பிடித்தபடி உடும்பும் இழுபட்டுக்கொண்டே வந்தான். உதை வாங்கி அவன் முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"அக்கா, தாயைத்தான் பிடிக்க முடிந்தது. குட்டி தண்ணீர் ஓரம்வரை போய்விட்டது" என்றான். "உள்ளே இரண்டு கண் திறந்ததை நான் பார்த்தேன். அப்போதுதான் உன் சத்தம் கேட்டுக் குட்டி திரும்பிற்று."

முள்ளி அப்படியே மணலில் உட்கார்ந்து, குட்டி குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மாலையில் தோகையன் நன்றியுரை சொன்னான். முதல் மரியாதை யாருக்கு என்பது முடிவாகாததால், மணல் அள்ளிய எல்லோருடைய பெயரையும் அவரவர் குலப்பெருமையோடு சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடித்து மேடையை விட்டு இறங்கியும் விட்டான்.

உடும்புக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அக்கா, உன் பெயரையே சொல்லவில்லை! நான் போய்ச் சொல்லட்டுமா?"

"வாயை மூடு" என்றாள் முள்ளி. "ஞாபகப்படுத்தினால் மறுபடியும் மேடைக்குக் கூப்பிடுவார்கள். நாளைக்கும் தண்ணீர் வேண்டும். வா, அந்தப் பக்கம் சரிகிறது, பிடி."

நீதி: கை கொடுங்கள் என்று கேட்டவருக்குக் கை தட்டிவிட்டுப் போகாதே.