தோணி காத்திருக்கும் நேரம்

சுலைகாவிடம் கம்ப்யூட்டர் நிரல் எழுதப் பாடம் கேட்க வந்தவர்களில் அவளைவிட மூத்தவர் அருமைநாயகம் ஒருவர்தான். அவளுக்கு முப்பது தாண்டி இரண்டொரு வருஷம். அவர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர், தாத்தாவும் ஆகிவிட்டவர். வயதைப் பார்த்தா வித்தை வருகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அந்த மாடிப்படியில் முதல் தடவை ஏறினார். அவளை ‘மேடம்’ என்பார். அவள் ‘அண்ணாச்சி’ என்பாள். பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை.

அன்று காலை அவர் படி ஏறிய வேகத்தில் டயர் கடைக்காரரே நிமிர்ந்து பார்த்தார்.

“ஒரு ஆளைத் தடை பண்ணணும் மேடம். இன்னைக்கே பண்ணணும்” என்றார் அருமைநாயகம். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

விஷயம் தோணியைப் பற்றியது. தோணி என்பது சுலைகா எழுதி, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று பொதுவில் வைத்த டிரைவர்; வண்டி ஓட்டுகிறவர் இல்லை, கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற ஒரு சின்ன நிரல். கேட்கிற நிரல் இந்தக் கரை, தகவலைச் சேர்த்து வைத்திருக்கும் டேட்டாபேஸ் அந்தக் கரை. இங்கே கேட்டதை அங்கே கொண்டுபோய்க் கொடுத்து, அங்கே கிடைத்ததை இங்கே சேர்ப்பது அதன் வேலை. எந்த மெஷினுக்குப் போக வேண்டும், என்ன பெயர் சொல்லி உள்ளே நுழைய வேண்டும் என்று முதலில் நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், அது பாட்டுக்குப் போய் வரும்.

அந்த நாலு வரியை எழுதுவது எப்படி என்று தமிழில் விளக்கும் பக்கத்தை எழுதியவர் அருமைநாயகம். பக்கத்தின் அடியில் அவர் பெயர் இருக்கும். பேரன் பிறந்த சேதியைக்கூட அவர் அத்தனை பேரிடம் சொன்னதில்லை. சம்பந்தி வீட்டில், சலூனில், சர்ச் வாசலில், எங்கே நின்றாலும் போனை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டிவிடுவார். பார்த்தவர்களுக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் பெயர் இருக்கிறதே என்று தலையாட்டுவார்கள்.

அந்தப் பக்கத்தைத்தான் எவனோ திட்டியிருந்தான். தோணியைப் பற்றிச் சந்தேகம் கேட்பதற்கென்று இருந்த பொது இடத்தில், ஊர் பார்க்க எழுதியிருந்தான். அருமைநாயகம் போனை மூக்கருகே பிடித்துக்கொண்டு வாசித்துக் காட்டினார்.

“‘இந்தப் பக்கத்தை எழுதியவர் ஒரு தடவையாவது இதைச் செய்து பார்த்தாரா? இல்லை, எழுதிப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாரா?’”

சுலைகா கேட்டுக்கொண்டாள்.

அருமைநாயகம் விடவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற கூட்டம் இது என்றார். இவனைச் சும்மா விட்டால் நாளைக்கு ஆளாளுக்கு ஏறி மிதிப்பான் என்றார். இவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துங்கள், இல்லையென்றால் அந்தப் பக்கத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள், நான் நாளையிலிருந்து இந்தப் படி ஏற மாட்டேன் என்று முடித்தார். தடை செய்யப்பட்டவன் அதன் பிறகு அங்கே ஒரு கேள்வியும் கேட்க முடியாது. தோணியைப் பற்றித் தமிழில் கேட்பதற்கு வேறு இடமும் கிடையாது. அது அவருக்கும் தெரியும், தெரிந்துதான் கேட்டார்.

இந்த ஆள் இதற்கு முன்னால் ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று சுலைகா விசாரித்தாள்.

எழுதாமல் என்ன, முதலில் வணக்கம் ஐயா என்று ஆரம்பித்துத்தான் கேட்டான் என்றார் அவர். தோணி போகவும் மாட்டேன் என்கிறது, திரும்பவும் மாட்டேன் என்கிறது, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று எழுதியிருந்தானாம். அங்கே பதில் போடுகிற அருமைநாயகம் ‘பக்கத்தில் எழுதியிருக்கிறது’ என்று ஒரு வரி பதில் போட்டுக் கேள்வியை மூடியிருக்கிறார். பக்கத்தைப் பார்த்தேன் ஐயா, அப்படியேதான் செய்தேன், தயவுசெய்து உதவுங்கள் என்று மறுபடி வந்திருக்கிறது. அதற்கும் அதே பதில். அதற்குப் பிறகும் ஒன்று வந்தது. அதற்கு இவர் பதிலே போடவில்லை.

“ஒரே கேள்வியை எத்தனை தடவ கேப்பான் மேடம்?” என்றார்.

இதை அவர் கூச்சமே இல்லாமல் சொன்னார். அதற்குக் காரணம் உண்டு. இருபது வருஷத்துக்கு மேல் ஓர் அலுவலகத்தின் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் அவர். ஜன்னலுக்கு மேலே ஒரு போர்டு. யார் வந்து எதைக் கேட்டாலும் தலையைத் தூக்காமல் கையை மட்டும் வெளியே நீட்டி அந்தப் போர்டைக் காட்டுவார். வேலையை விட்டாகிவிட்டது, கை மட்டும் இன்னும் நீண்டுகொண்டிருந்தது. தப்பு செய்கிறோம் என்று அவருக்கு அன்றும் தோன்றியதில்லை, இன்றும் தோன்றவில்லை.

கோபம் வந்தால் கத்துகிறவர்கள் உண்டு, பாத்திரத்தை உருட்டுகிறவர்கள் உண்டு. சுலைகா கீபோர்டைத் துடைப்பாள். மேஜை டிராயரிலிருந்து சின்ன பிரஷ் ஒன்றை எடுத்தாள். பழைய பேப்பரை விரித்தாள். கீபோர்டிலிருந்து பொத்தான்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துப் பேப்பரில் வைக்கத் தொடங்கினாள். கூடப் படிக்கிறவர்கள் யாராவது இருந்திருந்தால் சத்தமில்லாமல் படி இறங்கிப் போயிருப்பார்கள். அருமைநாயகத்துக்கு இருந்த ஆத்திரத்தில் இது கண்ணில் படவே இல்லை.

“தடை பண்ணுவீங்களா, மாட்டீங்களா மேடம்?”

“பக்கத்துல எழுதியிருக்கு அண்ணாச்சி.”

அவர் அடுத்த மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். பொது இடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தோணிக்கு ஒரு விதிப்பக்கம் இருந்தது. அதை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். மரியாதையாகப் பேச வேண்டும் என்று இருந்தது. மீறினால் எச்சரிக்கலாம், தடையும் செய்யலாம் என்று இருந்தது. சுலைகா என்ன முடிவு செய்திருக்கிறாள் என்று மட்டும் அதில் எங்கும் இல்லை. இருக்கவும் முடியாது.

எழுந்து வந்தார். கோபத்தை அடக்கிக்கொண்டு பணிவாகவே கேட்டார். பார்த்துவிட்டேன், அதில் நான் கேட்டதற்குப் பதில் இல்லை, எந்தப் பக்கம், எந்த வரி என்று சொன்னால் உபகாரமாக இருக்கும் என்றார்.

“பக்கத்துல எழுதியிருக்கு” என்றாள் சுலைகா. தலையைத் தூக்கவில்லை. பிரஷ் நுனியால் ஒரு பொத்தானின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பப் போய் உட்கார்ந்தார். இந்தத் தடவை எல்லாப் பக்கங்களையும் திறந்தார். தோணியை யார் எப்படி எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் உரிமப் பக்கத்தைக்கூட விடவில்லை. ஒருவேளை தான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டோமோ என்று விதிப்பக்கத்தை இன்னொரு தடவை, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். கண் எரிந்தது. கீழே டயரைச் சுத்தியலால் அடிக்கிற சத்தம் தன் தலையில் விழுகிற மாதிரி இருந்தது.

மத்தியானம் பாங்கு சொன்னார்கள். சுலைகா எழுந்தாள். பிரஷைப் பேப்பர்மேல் வைத்தாள். அவர் உட்கார்ந்திருக்கிறாரே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொழுதுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

அருமைநாயகம் டிபன் கேரியரைத் திறக்கவில்லை. கோபத்தில் பசி தெரியாது என்பார்கள். பொய். அவருக்கு இரண்டும் சேர்ந்தே ஏறின. நான் என்ன பிச்சையா கேட்டேன், ஆம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் நாக்கா தேய்ந்துவிடும் என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். மகள் வயதுப் பெண்ணுக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றோமே என்று நினைத்தபோது உடம்பெல்லாம் கொதித்தது. போய்விடலாம் என்று இரண்டு தடவை படி வரை போனார். பதில் வாங்காமல் போகவும் மனசு வரவில்லை.

சுலைகா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். உட்கார்ந்தாள். பிரஷை எடுத்தாள்.

தடை பண்ணப் போகிறீர்களா இல்லையா என்று அவர் மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை அவள் அந்த ஒரு வரியைக்கூடச் சொல்லவில்லை. பொத்தானை ஊதி, அதன் இடத்தில் வைத்து அமுக்கினாள். அடுத்ததை எடுத்தாள்.

அருமைநாயகம் மேஜையை ஓங்கி அறைந்தார். பேப்பரில் இருந்த பொத்தான்கள் துள்ளி விழுந்தன.

“ஏட்டி, காது கேக்கா கேக்கலியா ஒனக்கு? காலையில இருந்து ஒரு மனுஷன் நாய் மாதிரி நிக்கேன். வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? எழுதியிருக்கு எழுதியிருக்குன்னா எங்க எழுதியிருக்கு? நீ ஒரு தடவையாவது அதைப் படிச்சுப் பாத்தியா? நீ பாட்டுக்குச் சாப்பிடப் போயிட்ட!”

கடைசி வார்த்தை வெளியே வந்ததும் அவர் வாய் அப்படியே நின்றது. அந்த வார்த்தையை அன்று காலையில் அவரே வாசித்துக் காட்டியிருந்தார்.

சுலைகா குனிந்து, கீழே விழுந்த பொத்தான்களைப் பொறுக்கினாள்.

“அவங்க பேரு திலகேஸ்வரி” என்றாள்.

“கேள்வி கேட்டது பொம்பளையா?” என்றார், அதுவரை அவன் இவன் என்று பேசிக்கொண்டிருந்த அருமைநாயகம்.

சுலைகா சொன்னாள். திலகேஸ்வரி உள்ளடங்கிய ஓர் ஊரில் சின்ன ரத்த வங்கி ஒன்றில் வேலை பார்க்கிறவள். எந்த வகை ரத்தம் எத்தனை பை இருக்கிறது என்று தோணி வழியாகக் கம்ப்யூட்டர்தான் சொல்ல வேண்டும். கேட்டால் வட்டம் சுற்றும். இருக்கிறது என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது, தப்பு என்றும் சொல்லாது. அவள் எழுந்துபோய்க் குளிர்பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே நோயாளியின் ஆட்கள் நின்று அவளிடம்தான் கத்துவார்கள். காலையில் அவள் எழுதியதைப் பார்த்ததுமே சுலைகா போன் போட்டிருக்கிறாள். ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் சரியாகிவிட்டது. அருமைநாயகம் படி ஏறி வந்தது அதற்குப் பிறகு.

“என்ன தப்பு?” என்று கேட்டார் அவர்.

“முதல் வரி. எந்த மெஷினுக்குப் போகணும்னு எழுதுற இடத்துல, உதாரணம்னு சொல்லி உங்க வீட்டு மெஷின் முகவரியப் போட்டு வச்சிருக்கீங்க. அதை மாத்தி அவங்கவங்க முகவரியப் போடணும்னு எங்கயும் சொல்லல. அவங்க பக்கத்துல இருந்தத அப்படியே எழுதியிருக்காங்க. இத்தனை நாளா அவங்க தோணி உங்க வீட்டத் தேடிக்கிட்டுக் கெடந்திருக்கு.”

அது யாருக்கும் தெரியுமே என்று சொல்ல அருமைநாயகம் வாயைத் திறந்தார். சொல்லவில்லை. அவர் செய்து பார்த்தபோதெல்லாம் தோணி முதல் தடவையிலேயே போய்ச் சேர்ந்தது. அவர் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்குத்தானே போயிற்று.

ஆனாலும் கோபம் அடங்கவில்லை. இப்போது அது எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றது. காலையிலேயே சரியாகிவிட்டது என்றால் அப்போதே சொல்லியிருக்கலாமே, வயசான மனுஷனை இப்படி நாள் பூராவும் காயப் போட வேண்டுமா என்று கேட்டார்.

“எனக்குக் கோவம் அண்ணாச்சி” என்றாள் சுலைகா. “ரொம்பக் கோவம்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் கையிலிருந்த பொத்தானை அவள் இரண்டு தடவை தப்பான இடத்தில் வைத்து எடுத்ததை அவர் பார்த்தார். அன்று முழுக்க அவர் அவளைப் பார்த்தது அப்போதுதான்.

கீழே டயர் கடையில் யாரோ விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அருமைநாயகம் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்தார். தடை பண்ணுகிற அந்த விஷயம் என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

சுலைகா கடைசிப் பொத்தானையும் அமுக்கினாள். கீபோர்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். திரையில் அவர் பெயர் போட்ட பக்கத்தைத் திறந்தாள்.

“முதல் வரிய அப்புறம் திருத்திக்கிடலாம். அதுக்குக் கீழ ஒரு வரி விட்டே போச்சு. அந்தக் கரையில இருந்து பதில் வரலன்னா தோணி எவ்வளவு நேரம் காத்துக் கெடந்துட்டு, வரலன்னு சொல்லித் திரும்பணும்னு ஒரு வரி. காலையில இருந்து பாத்துட்டீங்கள்லா அண்ணாச்சி. எவ்வளவுன்னு நீங்களே போடுங்க.”