குமிழிகள் நின்ற இடம்

“பதினோரு நாளாச்சு, மாஸ்டர். எனக்கு எப்போ சுவரைக் காட்டப் போறீங்க?”

நல்லசிவம் ஈர உடையைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

அமலி காற்று சிலிண்டர்களைப் படகிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார். வேலையை நிறுத்தவில்லை.

“எனக்கப்புறம் வந்தவங்க எல்லாம் போயிட்டு வந்துட்டாங்க. நான் மட்டும் இன்னும் அஞ்சு மீட்டர்ல, மணலுக்கு மேல மிதந்துக்கிட்டிருக்கேன்.”

“ஒரு கை பிடிங்க,” என்றார் அமலி.

நல்லசிவம் பிடித்தார்.

அந்தமானில் ஒரு சின்னத் தீவு அது. கரையிலிருந்து இருபது நிமிடம் படகில் போனால் பவளப்பாறை வரும். அந்தப் பாறை தண்ணீருக்கடியில் ஓரிடத்தில் சட்டென்று முடிந்துவிடும். அங்கிருந்து கீழே செங்குத்தான சுவர். அதன் அடி யாருக்கும் தெரியாது. நீலம் மட்டும்தான் தெரியும். அதைப் பார்ப்பதற்கென்றே வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

அமலி அந்தத் தீவிலேயே பிறந்தவர். முப்பத்திரண்டு வயது. கடலுக்கடியில் மூச்சுவிடக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். நல்லசிவத்துக்கு ஐம்பத்து நான்கு. திருநெல்வேலியிலிருந்து தனியாக வந்திருந்தார். வந்த அன்று நிரப்பிக் கொடுத்த படிவத்தில், தொழில் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தார்.

கடைசி சிலிண்டரையும் வைத்துவிட்டு அமலி நிமிர்ந்தார்.

“இன்னைக்கு என்ன மீன் பாத்தீங்க?”

நல்லசிவம் யோசித்தார்.

“மஞ்சளா ஒண்ணு.”

“அப்புறம்?”

நல்லசிவம் தலையைச் சொறிந்தார்.

“நாற்பது நிமிஷம் கீழ இருந்தோம். உங்க மூக்குக்கு முன்னால ஒரு ஆமை நீந்திப் போச்சு.”

“நான் கவனிக்கல.”

“வேற எதைக் கவனிச்சீங்க?”

நல்லசிவம் தயங்கினார். பிறகு சொன்னார்.

“அந்த பெங்களூர்க்காரர் நிமிஷத்துக்கு இருபத்திரண்டு தடவை மூச்சு விடறார். அவர் மனைவி பதினாலு. ஆனா முழுசா விடறதில்லை, பாதிப் பாதியா விடறாங்க. நீங்க ஏழு.”

அமலி அவரைப் பார்த்தார்.

“எண்ணிக்கிட்டே இருந்தீங்களா?”

“எண்ணலை. குமிழி மேல போகுதில்ல, அதுல தெரிஞ்சுடுது.”

“என்ன வேலை பாத்தீங்க?”

“மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷன் நடக்கும்போது தலைமாட்டுல உக்காந்திருப்போமே, அந்த வேலை. இருபத்தெட்டு வருஷம்.”

“விட்டுட்டீங்களா?”

“எட்டு மாசமாச்சு.”

ஏன் என்று அமலி கேட்கவில்லை. நல்லசிவம்தான் தொடர்ந்தார்.

“அதை மறக்கத்தான் வந்தேன், மாஸ்டர். அந்தச் சுவருக்குப் பக்கத்துல போய் நின்னா எல்லாமே மறந்துபோகும்னு சொல்றாங்க. மத்தவங்க மாதிரி நானும் மீனைப் பாக்கணும். யார் மூச்சு விடறாங்க, யார் விடலைன்னு பாத்துக்கிட்டே இருக்கறதை நிறுத்தணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

அமலி கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டார்.

“நாளைக்குக் காலையில ஏழு மணிக்குப் படகு. சுவருக்குப் போறோம்.”

“அப்ப நான் தேறிட்டேனா?”

“ஏழு மணி,” என்றார் அமலி.

&nbsp;

மறுநாள் படகில் இன்னொருவரும் இருந்தார். கோயம்புத்தூர் தயாளன். ஐந்நூறு தடவைக்கு மேல் கடலில் இறங்கியவர். மடியில் பிரஷர் குக்கர் அளவுக்கு ஒரு கேமரா வைத்திருந்தார்.

“சுவருக்கு இதுதான் முதல் தடவைங்களா, சார்?”

“ஆமா.”

“பயப்படாதீங்க. ஒண்ணுன்னா நான் பக்கத்துலயேதான் இருப்பேன்.”

அவர் அதை மனதாரச் சொன்னார்.

பாறைக்கு மேலே படகு நின்றது. மூவரும் சிலிண்டர்களை முதுகில் மாட்டிக்கொண்டார்கள். சமையல் கேஸுக்கு மாட்டுவது போலவே இந்த சிலிண்டரின் தலையிலும் ஒரு பித்தளை ரெகுலேட்டர் உண்டு. அதிலிருந்து இரண்டு குழாய்கள் வரும். ஒன்றின் முனையை வாயில் கடித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றின் முனை மஞ்சள் நிறம். அது நெஞ்சில் தொங்கும். தனக்கல்ல, கூட வருபவருக்கு.

அமலி நெஞ்சுப் பட்டையைக் கட்டிக்கொண்டே சொன்னார்.

“இருபத்திரண்டு மீட்டர். அதுக்குக் கீழ யாரும் போகவேண்டாம். சுவர் நமக்கு இடது கைப்பக்கம். காற்று பாதியானதும் எனக்குக் காட்டுங்க.”

ஒருவர் பின் ஒருவராகப் பின்பக்கமாய்ச் சாய்ந்து கடலில் விழுந்தார்கள்.

பாறை மெல்ல மெல்லக் கீழிறங்கிப் போனது. பழுப்புப் பவளங்கள், வெளிர் மணல், மறுபடி பவளங்கள். பிறகு எதுவுமில்லை.

நல்லசிவம் விளிம்பைத் தாண்டினார். காலடியில் தரை இல்லை. இடப்பக்கம் சுவர் மாடி மாடியாக இறங்கியது. ஊதாவும் செம்மஞ்சளுமாகக் கடல் விசிறிப் பவளங்கள் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு ஆடின. ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு மீன்கள் ஒரே நேரத்தில் திரும்பின, ஒரே நேரத்தில் மின்னின. வலப்பக்கமும் கீழேயும் நீலம். அதற்கு அளவே இல்லை.

அவர் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு மிதந்தார். விழவில்லை. ஏறவுமில்லை. பதினோரு நாள் மணலுக்கு மேல் செய்ததைத்தான் இங்கேயும் செய்துகொண்டிருந்தார். அது தானாகவே நடந்தது.

ஒரு பெரிய சாம்பல் நிற மீன், பிளந்த வாயோடு, சுவரின் பொந்திலிருந்து அவரையே உற்றுப் பார்த்தது. நல்லசிவமும் அதைப் பார்த்தார். அதன் உதடு தடித்திருந்தது. பக்கத்து வீட்டு வக்கீல் ஞாபகம் வந்தது. சிரிப்பு வந்தது.

ஒரு நிமிடம் இருக்கும். எல்லாம் மறந்திருந்தது.

பிறகு ஏதோ உறுத்தியது.

என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. தலையைத் திருப்பினார். பத்தடி முன்னால் அமலி போய்க்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே குமிழிக் கூட்டம் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று இருந்திருக்க வேண்டும்.

இல்லை.

நல்லசிவம் யோசிக்கவில்லை. கால்கள் உதைத்துவிட்டன. கை மஞ்சள் முனையைத் தேடி எடுத்துவிட்டது.

அமலிக்குப் பக்கத்தில், இரண்டு கை தூரத்தில், தயாளன் இருந்தார். சுவரின் இடுக்கில் ஒரு கண்ணாடி இறால். அதற்கு முன்னால் கேமரா, கேமராவுக்குப் பின்னால் அவர் முகம். அமலி முதலில் அவர் பக்கம்தான் திரும்பினார். கையைத் தட்டையாக வைத்துத் தொண்டையின் குறுக்கே இழுத்துக் காட்டினார். காற்று இல்லை என்று பொருள். தயாளன் நிமிரவில்லை.

அமலி இந்தப் பக்கம் திரும்பியபோது, மஞ்சள் முனை அவர் வாய்க்கு நேராக நீட்டப்பட்டிருந்தது.

கடித்தார். தண்ணீரை ஊதித் தள்ளினார். இழுத்தார்.

ஒரு மூச்சு. இன்னொன்று.

நல்லசிவம் அவருடைய தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டார். அமலி இவருடையதைப் பிடித்துக்கொண்டார். இரண்டு முகங்களுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. கண்ணாடிக்குள் அமலியின் கண்கள் அகலமாகத் திறந்திருந்தன. அவை நல்லசிவத்தையே பார்த்தன.

இருபத்தெட்டு வருடத்தில் அவர் காற்று கொடுத்த ஒருவரும் விழித்திருந்ததில்லை.

மேலே ஏறலாம் என்று அமலி கட்டைவிரலை மேல்நோக்கிக் காட்டினார். பிறகு அதே கையால் நல்லசிவத்தின் நெஞ்சைத் தொட்டார். நீங்களே கூட்டிப் போங்கள்.

போகும் முன் எட்டித் தயாளனின் கால் துடுப்பைப் பிடித்து இழுத்தார். தயாளன் திரும்பிப் பார்த்தார். ஒரு சிலிண்டரில் இரண்டு பேர். கேமரா அவர் கையிலிருந்து நழுவிக் கயிற்றில் தொங்கியது.

மூவரும் ஏறினார்கள். நல்லசிவம் அவசரப்படவில்லை. தன் குமிழிகளைவிட மெதுவாக ஏறினார். ஐந்து மீட்டரில் கையை விரித்து நிறுத்தினார். ஆழத்திலிருந்து வருபவர்கள் அங்கே மூன்று நிமிடம் தங்கித்தான் மேலே போக வேண்டும். காற்றின் அளவைக் காட்டும் முள்ளை அமலியிடம் காட்டினார். போதும் என்று அமலி தலையசைத்தார். மேலே படகின் வயிறு வெள்ளையாகத் தெரிந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

மூன்று நிமிடமும் முடிந்தது.

&nbsp;

படகில் ஏறியதும் தயாளன் முகத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

“நான் பக்கத்துலதானுங்க இருந்தேன். ரெண்டு கை தூரம். என்னைத் தட்டியிருக்கலாமில்லீங்க?”

“தட்டத்தான் வந்தேன்,” என்றார் அமலி. “அதுக்குள்ள இவர் வந்துட்டார்.”

“நீங்க கூப்பிட்டீங்களா அவரை?”

“இல்லை.”

தயாளன் கேமராவைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அதற்குப் பிறகு அதைத் திறக்கவில்லை.

அமலி தன் ரெகுலேட்டரைக் கழற்றினார். அதை நிறைந்திருந்த வேறொரு சிலிண்டரில் மாட்டித் திறந்து வாயில் வைத்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. மஞ்சள் முனையிலும் வரவில்லை. முள் மட்டும் நிறைய காற்று இருப்பதாகக் காட்டியது.

நல்லசிவம் படகின் முன்முனைக்குப் போய் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்திருந்தார்.

அமலி போய் எதிரில் உட்கார்ந்தார்.

“கை நடுங்குதா?”

“கீழ இருக்கும்போது நடுங்கலை.”

“ஆமா. நடுங்கலை.”

படகு லேசாக ஆடியது. நல்லசிவம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“ஒரு பொண்ணு. இருபத்தொன்பது வயசு. பித்தப்பைக் கல். தினம் நாலு பேருக்குப் பண்ற ஆபரேஷன்தான். மயக்கம் கொடுக்கறதுக்கு முன்னால, வீட்ல மாவரைக்கப் போட்டுட்டு வந்துட்டேன், யாராவது அணைச்சிருப்பாங்களான்னு என்கிட்ட கேட்டா. அணைச்சிருப்பாங்கம்மான்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவமேலருந்து நான் கண்ணை எடுக்கலை, மாஸ்டர். இப்ப உங்களைப் பாத்தேனே, அதே மாதிரிதான் பாத்துக்கிட்டிருந்தேன். செய்யவேண்டியது எல்லாம் செஞ்சேன். போயிட்டா.”

அமலி அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

“விசாரணை நடந்துச்சு. என் மேல தப்பில்லைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. தப்பு இருந்திருந்தா அதைத் திருத்திக்கிட்டு மறுநாளே வேலைக்குப் போயிருப்பேன். தப்பே இல்லைன்னா, எதைத் திருத்தறது?”

அமலி எழுந்து போனார். காற்று வராத ரெகுலேட்டரை எடுத்து வந்து நல்லசிவத்தின் மடியில் வைத்தார்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பித்தளை பளபளவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை.

“இதைச் சோதிச்சது யாரு?”

“நான்தான். நேத்து சாயங்காலம் நல்ல தண்ணியில கழுவித் துடைச்சேன். இன்னைக்குக் கரையில ஒரு தடவை, படகுல ஒரு தடவை, இறங்கினதும் ஒரு தடவை மூச்சிழுத்துப் பாத்தேன். நல்லாத்தான் வேலை செஞ்சுது.”

“ஏதாவது விட்டுப்போச்சா?”

“இல்லை.”

“நல்லா யோசிச்சுப் பாருங்க.”

“மேல வர்ற வழியெல்லாம் யோசிச்சுட்டேன். எதுவும் விட்டுப்போகலை.”

“அப்புறம் எப்படி நின்னுச்சு?”

அமலி அதை அவர் மடியிலிருந்து எடுத்தார். ஒரு துணியில் சுற்றி, கரையில் பிரித்துப் பார்ப்பதற்காகத் தனியே ஒரு டப்பாவில் போட்டு மூடினார். மாற்று ரெகுலேட்டர் ஒன்றை எடுத்தார். நிறைந்த சிலிண்டரில் மாட்டித் திருகினார். உஸ்ஸென்று சத்தம் வந்து அடங்கியது. தனக்கான கறுப்பு முனையை வாயில் வைத்து, முள்ளைப் பார்த்துக்கொண்டே மூன்று தடவை இழுத்தார். மஞ்சள் முனையிலும் மூன்று தடவை.

நல்லசிவம் அதைக் கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“பத்தரைக்கு மறுபடி இறங்கறேன்,” என்றார் அமலி. “வர்றீங்களா?”

“இது மட்டும் நிக்காதுன்னு எப்படிச் சொல்றீங்க?”

“சொல்லலையே.”

அமலி தன் முகக்கண்ணாடியை எடுத்து, உள்பக்கம் மங்காமலிருக்க எச்சில் தடவிக் கடலில் அலசினார். பிறகு நல்லசிவத்தின் கண்ணாடியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

நல்லசிவம் தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்தார். கண்ணாடியை வாங்கி, தானும் எச்சில் தடவினார்.