பூக்காத கொடிக்குக் காத்திருந்த அரசன்

முன்னொரு காலத்தில் வெண்பாறை நாட்டை இளவெயினன் என்றொரு அரசன் ஆண்டான். கடைசியாகப் புகழ்ந்தவன் சொன்னதே அவனுக்குச் சட்டம். அப்படிப்பட்ட அவையில் யார் கொழிப்பார்கள்? தாண்டவக்கோன் போன்றவர்கள்தான்.

அந்தத் தாண்டவக்கோன் கடல் கடந்து போய்விட்டு ஒரு குடம் பச்சை இலையோடு திரும்பினான்.

"அரசே, இது நீலப்பூக் கொடி. ஏரியில் விட்டால் பூத்துக் குலுங்கும்."

அரசன் விட்டான். பூக்கும்வரை யாரும் தொடக்கூடாது என்று ஆணையும் போட்டான்.

மழைக்காலம் முடிவதற்குள் கொடி மூடி, ஏரியில் தண்ணீரே கண்ணுக்குத் தெரியவில்லை. மீன்கள் செத்து மிதந்தன. ஊர் ஜனங்களுக்குக் குடிதண்ணீரும் அந்த ஏரிதான். அவர்கள் ஆணையை மீறி அரிவாளால் வெட்டிப் பார்த்தார்கள். வெட்டிய துண்டெல்லாம் தனித்தனிக் கொடியாகப் பெருகியது.

மந்திரி நக்கண்ணன் ஓர் இலையைச் சபைக்குக் கொண்டுவந்து அதன்மேல் நீர் ஊற்றினார். நீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது.

"பாருங்கள் அரசே, இலை நனையவில்லை. அடியில் பழுப்பு முடி தொங்குகிறது. இது நீர்ப்பெரணி. பெரணி எதுவும் பூக்காது. எடுத்துவிடலாம்."

"பொறாமை!" என்று குதித்தான் தாண்டவக்கோன். "இன்றோ நாளையோ பூக்கும் அரசே!"

"பூத்தால் உம் பதவி அவருக்கு. சம்மதமா மந்திரி?" என்றான் அரசன்.

"சம்மதம் அரசே. ஏரி கலங்கல், அதனால்தான் பூ தாமதிக்கிறது போலும். ஊரிலேயே தெளிந்த நீர் தாண்டவக்கோன் வீட்டுக் கிணற்றில் இருக்கிறது. ஒரு கைப்பிடி அங்கே போடுவோம். முதல் பூவின் பெருமை அவருக்கே சேரட்டும்!"

"அருமை! இப்போதே போடுங்கள்!" என்றான் அரசன்.

தாண்டவக்கோன் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, என் கிணற்றிலா! ஒரு துண்டு விழுந்தாலும் போச்சு அரசே, வாளி இறங்க இடம் இருக்காது!"

"ஓகோ, என் ஏரிக்கு மட்டும் ஆகுமோ?" என்றான் அரசன். "பூவை நீர் கண்ணால் பார்த்ததுண்டா?"

"இல்லை... அரசே."

மந்திரி சொன்னபடி, நறுக்காமல் நெருக்கமாகப் பின்னிய வலையால் வளைத்து இழுத்து, ஏரிக்கு எட்டாத பாறையில் காயப்போட்டார்கள். மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. பரிசலில் போய் மிச்சம் மீதியைப் பொறுக்கும் வேலை தாண்டவக்கோனுக்கு. ஒரு துண்டு தப்பினாலும் மறுபடி ஏரி மூடிவிடுமே!

தினமும் காலையில் அரசன் கரையில் நின்று கூப்பிடுவான்: "தாண்டவக்கோனே, பூ கிடைத்ததா?"

பரிசலிலிருந்து பதில் வரும்: "இலைதான் கிடைக்கிறது அரசே!"

"பூ கிடைத்ததும் கரைக்கு வாரும்!"

என் கதை கரையேறிவிட்டது. அவன் பரிசல்தான் இன்னும் ஏறவில்லை.