பனிமூட்டத்தில் கூட வந்த குரல்

ஒரு காட்டில் சமதரை என்பதே கிடையாது. ஒரு மேட்டை ஏறி முடித்தால் பள்ளம் வரும். பள்ளத்தைத் தாண்டினால் மறுபடியும் மேடு. அந்தக் காட்டில் ஆண்டுதோறும் மழை விட்டதும் ஓர் ஓட்டப்பந்தயம் நடக்கும். ஓடையில் தொடங்கி, மொட்டைமலையில் ஏறி, மூங்கில் சரிவில் இறங்கி, மறுபடியும் ஓடைக்கே வந்து சேர வேண்டும்.

கீழ்க்காட்டில் நடக்கும் பந்தயத்துக்கு விலங்குகள் கூட்டம் கூட்டமாக வரும். அது சமவெளி. இந்த மலையோட்டத்துக்கு அப்படி யாரும் வருவதில்லை. "அந்த ஏற்றத்தில் ஓடி யார் காலை உடைத்துக்கொள்வது?" என்று விலங்குகள் ஒதுங்கிவிடும். அந்த ஆண்டு ஓட வந்தவர்கள் மூன்றே பேர்.

ஒன்று கடமான். நீண்ட கால்கள், விரிந்த கொம்புகள். தன்னை முந்த இந்தக் காட்டில் ஆள் இல்லை என்பது அதன் நினைப்பு.

இன்னொன்று காட்டுப்பன்றி. எதற்கெடுத்தாலும் முணுமுணுக்கும், ஆனால் தொடங்கிய ஓட்டத்தை ஒருபோதும் பாதியில் விட்டதில்லை.

கடைசியாக வந்தது கேளையாடு. அது நாயைப் போலக் குரைக்கும் ஒரு சின்ன மான். யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் அப்படியே உருகிப்போகும்.

பந்தயத்தை நடத்தும் முயல் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றது.

"எல்லோரும் கேளுங்கள். மலை உச்சியில் பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் போனால் மூங்கில் சரிவு. அதுதான் நம் வழி. வலப்பக்கம் குகைப்பள்ளம். அங்கே மட்டும் யாரும் போகக் கூடாது."

"ஏன்? அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டது கேளையாடு.

"தெரியாது. போனவர்கள் யாரும் திரும்பி வந்து சொல்லவில்லை."

கடமான் சிரித்தது. "எனக்கு யாரும் வழி சொல்ல வேண்டாம். நான் திரும்பி வருகிறபோது நீ தூங்கிப்போகாமல் இருந்தால் சரி."

மயில் அகவியது. மூவரும் ஓடத் தொடங்கினார்கள்.

முதல் வளைவு வரை மரங்களில் மந்திகள் உட்கார்ந்து, "ஓடு! ஓடு!" என்று கிளைகளை உலுக்கின. வளைவைத் தாண்டியதும் யாரும் இல்லை. கைதட்ட ஆள் இல்லாத இடத்தில் அவரவர் குளம்புச் சத்தம்தான் அவரவருக்குத் துணை. கடமான் நான்கே பாய்ச்சலில் கண்ணுக்கு மறைந்துவிட்டது.

கேளையாடும் காட்டுப்பன்றியும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. ஏற்றம் செங்குத்தாகிக்கொண்டே போனது. பன்றிக்கு மூச்சு இரைத்தது. சாதாரண இரைப்பு அல்ல, கொல்லன் துருத்தி போல, "ஹுஸ்... ஹுஸ்..." என்று. அதன் காலடிச் சேறு வேறு கேளையாட்டின் முகத்தில் தெறித்தது.

"ஏன் அண்ணா இப்படி இரைக்கிறீர்கள்? காதே அடைக்கிறது."

"மலை ஏறினால் இரைக்காமல் பின்னே பாட்டா வரும்? நீ ஏன் இந்த ஓட்டம் ஓடுகிறாய்? மூச்சை மிச்சம் வை. உச்சி இன்னும் எங்கேயோ இருக்கிறது."

கேளையாட்டுக்குக் கோபம் வந்தது. "நான் முந்திவிடுவேன் என்று பொறாமை. ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோகும்?" என்று நினைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டியது. பன்றியின் இரைப்பு பின்னால் தேய்ந்தது.

கொஞ்ச தூரத்தில் மலையின் முடி தெரிந்தது. கேளையாடு தாவி ஏறியது. ஏறிப் பார்த்தால் அது முடியல்ல; அதன் பின்னால் இன்னொரு மேடு நின்றது. அதையும் ஏறியது. அதன் பின்னாலும் ஒன்று.

விலாவில் சுருக்கென்று வலித்தது. பின்னங்கால்கள் நடுங்கின. அப்போதுதான் மலையின் மறுபக்கத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது.

அது சத்தமே இல்லாமல் வந்தது. முதலில் தூரத்து மரங்கள் மறைந்தன. பிறகு பாதை மறைந்தது. பிறகு கேளையாட்டுக்குத் தன் முன்னங்கால்களே தெரியவில்லை. பறவைகள் எப்போது வாயை மூடின என்றே தெரியவில்லை. ஒரு பூச்சிகூட ரீங்கரிக்கவில்லை.

"இனி என்னால் முடியாது. இங்கேயே உட்கார்ந்துவிடுகிறேன்" என்று வாய்விட்டு முனகியது கேளையாடு.

"உட்காராதே, தங்கையே. எவ்வளவு அழகாக ஓடுகிறாய்!"

கேளையாடு துள்ளி விழுந்தது. சுற்றிலும் பார்த்தது. வெள்ளை தவிர வேறொன்றும் இல்லை.

"யா... யாரது?"

"உன்னைப் போல ஓடுகிறவன்தான்."

"ஓட வந்தவர்கள் மூன்று பேர்தானே?"

"நான் கொஞ்சம் தாமதமாகச் சேர்ந்துகொண்டேன். முயல் என்னைப் பார்த்திருக்காது. நான் மட்டும் உன்னைப் பார்த்துக்கொண்டேதான் வருகிறேன். இவ்வளவு சின்னக் கால்களை வைத்துக்கொண்டு இத்தனை பெரிய மலையா! உனக்கு யாராவது ஒரு வாய் பாராட்டுச் சொன்னார்களா?"

"இல்லை அண்ணா" என்றது கேளையாடு. அதற்கு அழுகையே வந்துவிட்டது.

"நான் சொல்கிறேன். வா, பேசிக்கொண்டே போகலாம்."

குரல் கூடவே வந்தது. சில சமயம் இடப்பக்கம் கேட்டது, சில சமயம் வலப்பக்கம். காலடி ஓசை மட்டும் கேட்கவில்லை. கேளையாடு அதைக் கவனிக்கவில்லை. பேச்சின் இனிமையில் அதற்குக் கால்வலிகூட மறந்துபோயிற்று.

"அண்ணா, முன்னால் ஓடிய கடமானைப் பார்த்தீர்களா?"

"பார்க்காமல் என்ன? அதற்கும் நான்தான் துணைக்குப் போனேன். தன்னைப் போல வேகம் யாருக்கும் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தது. ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டேன்."

"இப்போது அது எங்கே?"

"அதுவா? அது எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது."

கடமான் ஓடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று கேளையாடு நினைத்துக்கொண்டது.

ஒருவழியாக உச்சி வந்தது. பாதை இரண்டாகப் பிரிவதைக் காலால் தடவித்தான் அறிய முடிந்தது. குரல் வலப்பக்கத்திலிருந்து அழைத்தது.

"இப்படி வா, தங்கையே. இந்தப் பக்கம் ஒரே இறக்கம். கல்லில்லை, முள்ளில்லை. மெத்தென்ற புல்."

"முயல் இடப்பக்கம் போகச் சொன்னதே, அண்ணா?"

"முயல் இந்த மலையை ஏறி நீ பார்த்திருக்கிறாயா? அது கீழே கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு சொல்லும். உன் கால் வலி அதற்கு எப்படித் தெரியும்?"

அதுவும் சரிதான் என்று பட்டது. கேளையாடு வலப்பக்கம் திரும்பியது. உண்மையிலேயே புல் மெத்தென்று இருந்தது. ஆனால் புல்லிலிருந்து பழைய எலும்பின் வாடை போல ஏதோ ஒன்று எழுந்து வந்தது.

சில அடிகள் போனதும் அதற்கு நெஞ்சு அடைத்தது.

"கொஞ்சம் நில்லுங்கள் அண்ணா. மூச்சு... மூச்சு வாங்குகிறது."

"நன்றாக வாங்கிக்கொள். எனக்கு ஒன்றும் அவசரமில்லை. நீ இவ்வளவு தூரம் வந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம்" என்றது குரல்.

கேளையாடு தலையைத் தொங்கவிட்டு இரைத்தது. தன் இரைப்பு தனக்கே பெரிதாகக் கேட்டது. ஓர் இரைப்புக்கும் அடுத்த இரைப்புக்கும் நடுவே அது காதைத் தீட்டியது. வேறு ஒரு மூச்சும் கேட்கவில்லை.

அப்போதுதான் அதற்குச் சுருக்கென்றது. இதே மலையில் பன்றி துருத்தி போல இரைத்தது. தனக்கோ விலா வெடிக்கிறது. இந்தக் குரல் மட்டும் தொடக்கத்திலிருந்து ஒரு சொல்லும் திக்காமல், ஒரு வாக்கியமும் அறுபடாமல் பேசிக்கொண்டே இருக்கிறது.

இது மலை ஏறி வந்த குரல் அல்ல. இங்கேயே படுத்துக் காத்திருந்த குரல்.

கேளையாட்டின் மயிர் சிலிர்த்தது. ஓடலாம் என்றால் காலில் வலுவில்லை. ஒளியலாம் என்றால் இரைப்பே காட்டிக்கொடுத்துவிடும். அது மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் நின்றது.

"ஏன் மூச்சை அடக்குகிறாய், தங்கையே?" குரல் இன்னும் மென்மையாக, இன்னும் பக்கத்தில் கேட்டது. "மூச்சு விடு. நீ எங்கே நிற்கிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டாமா?"

கேளையாடு மெல்ல வாயைத் திறந்தது.

"ஒன்றுமில்லை அண்ணா. இந்தப் பனியில் எனக்கு வழி புலப்படவில்லை. தடுக்கி விழுந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் கொஞ்சம் முன்னால் போய்க் குரல் கொடுங்களேன். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே நான் வந்துவிடுகிறேன்."

குரல் சிரித்தது. "அதற்கென்ன? அப்படியே செய்கிறேன்."

சற்று நேரம் கழித்துக் குகைப்பள்ளத்தின் பக்கமிருந்து அது கூப்பிட்டது. "வருகிறாயா?"

"வருகிறேன் அண்ணா" என்று சொல்லிக் கேளையாடு ஓரடி பின்னால் வைத்தது.

"வந்துகொண்டிருக்கிறாயா?"

"வந்துகொண்டேதான் இருக்கிறேன் அண்ணா." இன்னும் இரண்டடி பின்னால் வைத்தது.

"உன் குரல் தூரத்தில் கேட்கிறதே?"

"மூச்சு வாங்குகிறது அண்ணா. குரல் எழும்பவில்லை." குளம்பின் கீழ் கல் தட்டுப்பட்டது. பாதை பிரியும் இடம் வந்துவிட்டது.

அதன் பிறகு குரல் கூப்பிடவில்லை. அந்த மௌனம்தான் எல்லாவற்றையும்விடப் பயங்கரமாக இருந்தது.

ஒரு காற்று வீசியது. பனி ஒரு கணம் விலகியது. புல்லோடு புல்லாக வயிற்றைத் தேய்த்துக்கொண்டு, மஞ்சள் கண்கள் இரண்டும் இமைக்காமல், ஒரு சிறுத்தை ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அதன் வாய் இன்னும் சிரித்தபடியே இருந்தது.

கேளையாடு எஞ்சிய மூச்சையெல்லாம் திரட்டிக் குரைத்தது. பாறைகள் அந்தக் குரைப்பை வாங்கித் திருப்பி அனுப்பின. மலை முழுவதும் குரைத்தது.

"யாரடா அங்கே?" கீழே ஏற்றத்திலிருந்து ஓர் உறுமல் வந்தது. "கேளை! நீதானா? அங்கேயே நில்! இதோ வந்துவிட்டேன்!"

புதர்கள் முறிந்தன. கற்கள் உருண்டன. "ஹுஸ்... ஹுஸ்..." என்ற இரைப்பு பனியைக் கிழித்துக்கொண்டு மேலே ஏறி வந்தது. கேளையாடு அந்தச் சத்தத்தை நோக்கிப் பாய்ந்து, சேறு அப்பிய பன்றியின் விலாவோடு ஒட்டிக்கொண்டது.

பன்றி தலையைத் தாழ்த்திக் கோரைப்பற்களைக் காட்டியது. சிறுத்தை நின்றது. பன்றியை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தது. பிறகு அவசரமே இல்லாமல் திரும்பிப் பனிக்குள் நடந்தது.

"பத்திரமாகப் போய் வா, தங்கையே" என்றது அந்த இனிய குரல்.

இருவரும் இடப்பக்கம் திரும்பி மூங்கில் சரிவில் இறங்கினார்கள். இறக்கத்தில் முழங்கால்கள் இற்றுப்போவது போல வலித்தன. கேளையாடு பன்றியை விட்டு ஓரடிகூட விலகவில்லை.

"அண்ணா, இரைத்துக்கொண்டே வாருங்கள். நிறுத்திவிடாதீர்கள்."

"நிறுத்த நினைத்தாலும் முடியாது. பேசாமல் காலைப் பார்த்து வை. இங்கே வழுக்கும்" என்றது பன்றி.

ஓடைக்கரையில் முயல் கல்லின் மேல் எழுந்து நின்றது. இருவரும் சேர்ந்தே வந்து சேர்ந்ததைக் கண்டு அதற்கு ஆச்சரியம்.

"நீங்களா முதலில்? கடமான் எங்கே?"

"இன்னும் வரவில்லையா?" என்றது பன்றி.

'போய்ச் சேர்ந்துவிட்டது' என்று அந்தக் குரல் சொன்னதன் பொருள் கேளையாட்டுக்கு இப்போதுதான் விளங்கியது. அது தண்ணீரைத் தொடாமல் பன்றியோடு ஒட்டி நின்றது.

பனி விலகி வெயில் வந்த பிறகு விலங்குகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மலை ஏறின. உச்சியில் கடமானின் குளம்புத்தடம் வலப்பக்கம் திரும்பியிருந்தது. முதலில் நீண்ட நீண்ட பாய்ச்சல்கள். போகப் போகத் தடங்கள் நெருங்கி, ஓட்டம் நடையாகியிருந்தது, யாருடனோ பேசிக்கொண்டே போனது போல.

மெத்தென்ற புல்லின் நடுவில் கடைசித் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. அதற்கப்பால் தடமே இல்லை.

நீதி: கூட ஏறி வராதவன் சொல்லும் இனிய சொல்லைவிட, கூட ஏறி மூச்சிரைப்பவன் சொல்லும் கடுஞ்சொல்லே நம்பத் தக்கது.